மொட்டைக்குழலுக்குச் சட்டைக்குண்டு

இதிலை இருங்கோ தங்கச்சி. அந்தக் கதிரை வேண்டாம், கால் ஆடுது. வாகனம் இழுக்கிறவனுக்கு நான் ரெலிபோன் எடுத்துச் சொல்லிப்போட்டன், வருவான். இந்த ஊருக்கு அவன் ஒருத்தன்தான். ஒரு மணித்தியாலம் எண்டு சொன்னால் ரெண்டு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. தேத்தண்ணி ஊத்துறன். பால் விடவோ, பிளேன்ரீயோ?

நீங்கள் தமிழ் எண்டு நான் உடனை பிடிச்சிட்டன். முகத்தைப் பாத்தில்லை. முகத்தைப் பாத்துக் கயானாக்காரரையும் எங்கடை ஆக்கள் எண்டு நினைச்சு ஏமாந்திருக்கிறன். நீங்கள் கதவைத் திறந்த உடனை, சப்பாத்தைக் கழட்டுறதோ விடுறதோ எண்டு ஒருக்கால் குனிஞ்சு காலைப் பாத்தனீங்கள். வெள்ளையள் அப்பிடிப் பாக்காதுகள். சேத்தோடை வந்து சேத்தோடை போவினம், நான் பின்னாலை துடைச்சுக்கொண்டு திரியவேணும். குறை சொல்லேல்லை. எனக்கு ஆரையும் குறை சொல்லுற பழக்கம் இல்லை.

உங்கடை ரயர் வெடிச்சது நல்லது எண்டு சொல்லக்கூடாது. ஆனா இருந்து நாலு வார்த்தை தமிழிலை கதைச்சு எவ்வளவு காலம். அக்கா ஒருத்தி யாழ்ப்பாணத்திலை இருக்கிறா. எப்ப எடுத்தாலும் வேலையாய் நிக்கிறன் எண்டுவா. இஞ்சை பகலெண்டால் அங்கை ராவு. ராவிலை அவவுக்கு என்ன வேலை எண்டு நான் கேக்கிறேல்லை.

ஓம், அது குண்டுதான். எல்லாரும் முதல் அதைத்தான் பாக்கிறவை. கண்ணாடி அலுமாரி, அதுக்கொரு பூட்டு, பூட்டின்ரை திறப்பு என்ரை கழுத்திலை. முந்தித் தாலி கிடந்த இடத்திலை இப்ப இந்தத் திறப்புக் கிடக்கு. துவக்கு விக்கிறேல்லை, துவக்குக்குப் போடுற குண்டு மட்டும்தான். நாளைக்கு மான் சீசன் தொடங்குது. இந்தப் பக்கத்திலை ஆறே ஆறு நாள், திங்களிலயிருந்து சனி மட்டும். அதாலைதான் காலமை முழுக்க வாசலிலை பிக்கப் வாகனமாய் நிண்டது. இப்ப பாத்தியளே, ஒரு குருவியும் இல்லை. பெட்டியோடை போட்டினம். இனி அடுத்த வருசம்தான் என்னை ஞாபகம் வரும்.

இந்தக் கடையை எடுக்கேக்கை குண்டு வேண்டவே வேண்டாம் எண்டு நான் ஒற்றைக் காலிலை நிண்டன். எட்டாம் வகுப்போடை என்ரை படிப்பு நிண்டதே துவக்காலைதான். பள்ளிக்கூடத்துக்குள்ளை ஆமி வந்து இருந்திட்டுது, பிறகு ஆர் படிப்பிக்கிறது. உதுக்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடி வந்திட்டு உதையே அடுக்கி வைச்சு விக்கிறதோ எண்டு கேட்டன். இவர் சிரிச்சவர். "எடி, இது மானுக்கு, மனிசருக்கில்லை" எண்டார். இவர் எல்லாத்துக்கும் சிரிப்பார். சிரிச்சுச் சிரிச்சு அரசாங்கப் பேப்பர் எல்லாம் எடுத்து முடிச்சார். ஆறு வருசத்துக்கு முந்தி, உதிலை, அந்தப் பால் பெட்டியளைத் தூக்கேக்கை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர்தான். எழும்பேல்லை. கடையும் எனக்கு, குண்டும் எனக்கு.

முதல் சீசன் ஒண்டும் விளங்கேல்லை. வந்தவை காட்டினதை எடுத்துக் குடுத்தன். பிறகு காது குடுத்துக் கேட்டன். ஆம்பிளையள் குண்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், எங்கடை பொம்பிளையள் கலியாண வீட்டிலை நகையைப் பற்றிக் கதைக்கிற மாதிரித்தான், நிப்பாட்ட ஏலாது. நீங்களும் கேளுங்கோ, நேரம் கிடக்குத்தானே.

மான் சுடுற துவக்குக்குக் குழல் ரெண்டு வகை. ஒண்டு உள்ளுக்கு மொழுமொழுவெண்டு இருக்கும். அது மொட்டைக்குழல். மற்றதுக்கு உள்ளுக்கை சுருள் சுருளாய்ப் புரி வெட்டியிருக்கும், போத்தில் மூடிக்குள்ளை இருக்குமே, அப்பிடி. அது புரிக்குழல். துவக்கு ஒண்டுதான், குழலைக் கழட்டி மற்றதைப் பூட்டலாம். குண்டும் ரெண்டு வகை. ஒண்டு வெறும் ஈயம், அதின்ரை உடம்பிலையே புரி கிடக்கும். மற்றதுக்கு ஒரு பிளாஸ்ரிக் சட்டை. குழலை விட்டு வெளிக்கிட்ட உடனை சட்டை கழண்டு நிலத்திலை விழும், குண்டு தன்ரை பாட்டுக்குப் போகும். இங்கிலீசிலை பேர் இருக்கு. எனக்கு நான் வைச்ச பேர்தான். புரிக்குண்டு, சட்டைக்குண்டு.

இப்ப சொல்லுங்கோ, புரிக்குழலுக்கு எந்தக் குண்டு? பாத்தியளே, நீங்களும் புரிக்குண்டு எண்டுதான் சொல்லுறியள். எல்லாரும் அப்பிடித்தான். அது பிழை. கலியாணப் பொருத்தம் மாதிரி யோசியுங்கோ. குண்டு சுத்திக்கொண்டு போனால்தான் நேராய்ப் போகும். அதைச் சுத்த வைக்க ஆராவது ஒராளிட்டைப் புரி இருந்தால் காணும். ரெண்டு பேரிட்டையும் இருந்தால் உரஞ்சி உரஞ்சிக் குழலெல்லாம் ஈயம் அப்பும். ரெண்டு பேரிட்டையும் இல்லாட்டில் குண்டு குத்துக்கரணம் அடிச்சுக்கொண்டு போகும், முப்பது யார் தூரத்துக்கு அங்காலை எங்கை படும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அதாலை, புரிக்குழலுக்குச் சட்டைக்குண்டு. மொட்டைக்குழலுக்குப் புரிக்குண்டு. அவ்வளவுதான் சாத்திரம். எங்கடை வீட்டிலை புரி முழுக்க என்னட்டை. இவர் மொட்டை. அதாலைதான் இருபத்தாறு வருசம் ஓடினது.

வெயின் எண்டு ஒருத்தன், தாடி நெஞ்சு மட்டும். விலை கூடின சட்டைக்குண்டுதான் வேணும் எண்டு நிண்டான். உன்ரை குழல் என்ன குழல் எண்டு கேட்டன். தெரியாது எண்டான். கழட்டிக்கொண்டு வா எண்டன். சிரிச்சுப்போட்டுப் போய் வாகனத்துக்குள்ளையிருந்து வெறும் குழலைக் கொண்டு வந்தான். ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடிச்சு உள்ளுக்குப் பாத்தன். சோத்துப் பானை மாதிரி வழுவழு. உனக்கு இது விக்க மாட்டன் எண்டு, புரிக்குண்டை எடுத்து வைச்சன். வியாழக்கிழமை கொம்போடை வந்து வாசலிலை நிண்டு காட்டினான். அதுக்குப் பிறகு ஊர் முழுக்க, மிஸஸ் லிங்கத்தைக் கேட்டுப்போட்டு வாங்கு எண்டு கதை. ஒரு ஈயைக் கூட நான் சுட்டதில்லை தங்கச்சி. ஆனா குழலைக் கொண்டு வந்தியள் எண்டால் குண்டு சொல்லுவன்.

சூடு காணுமோ? இன்னும் கொஞ்சம் சீனி போடுங்கோ.

எனக்கு ஒரு மகன். சாருகன். ஒண்டே ஒண்டு. இஞ்சையிருந்து நாப்பது நிமிசம். ரொறன்ரோவிலை வேலைக்குப் போறவை ஒரு நாளிலை ரெண்டு தரம் ஓடுற தூரம். கண்ணாடி வீட்டுக்குள்ளை தக்காளி வளக்கிறாங்களே, அங்கை மின்சார வேலை. ஹெதர் எண்டு ஒரு வெள்ளைக்காரப் பெட்டையோடை இருக்கிறான். பெட்டையின்ரை தேப்பன் றோய், சோளமும் சோயாவும் செய்யிறவர். அவற்றை காணியிலையே இவைக்கும் ஒரு வீடு. நான் ஒண்டும் சொல்லேல்லை. பெட்டை முதன்முதல் வரேக்கை பூசணிக்காயிலை ஏதோ இனிப்புச் செய்து கொண்டு வந்தது. நான் பிறிட்ஜிலை பத்திரமாய் வைச்சன். பழுதாப்போச்சு, எறிஞ்சன். சாப்பிட்டனீங்களோ எண்டு பெட்டை கேட்டது, எறிஞ்சிட்டன் எண்டு உண்மையைச் சொன்னன். அதுக்கு ஒரு கோவம். பொய் சொல்லியிருக்கலாம் எண்டான் இவன். நான் பொய் சொல்லிப் பழகேல்லை.

பிறகு எட்டு மாதம் சத்தம் இல்லை. போன வருசம், இந்த நாளுக்கு ஒரு பத்து நாள் முந்தி, ரெலிபோன். "அம்மா, உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்." கலியாணமாக்கும் எண்டு நினைச்சன். துவக்காம். றோய் தன்ரை தகப்பன்ரை பழைய துவக்கை இவனுக்குக் குடுத்திருக்கிறார், மொட்டைக்குழல். மான் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகப் போறாராம். புரிக்குழல் ஒண்டு புதிசாய் வாங்கிப் பூட்டுறதோ, இது காணுமோ, எந்தக் குண்டு போடுறது. இதைத்தான் கேட்டவன்.

என்னைக் கேட்டவன், தங்கச்சி. கொம்பியூட்டரைக் கேக்கேல்லை. பக்கத்திலை இருக்கிற றோயைக் கேக்கேல்லை. இருபத்தெட்டு நிமிசம் கதைச்சம். நான் மணிக்கூடு பாத்தன். எவ்வளவு தூரத்திலை சுடுவாய், காடு என்ன மாதிரி, எல்லாம் கேட்டன். சேத்துக்காடு, அடர்த்தி எண்டான். அப்ப அறுபது யாருக்கு அங்காலை நீ மானைக் காணவே மாட்டாய், புதுக்குழலுக்குக் காசைக் கொட்டாதை, மொட்டைக்குழல் காணும், புரிக்குண்டு போடு, வந்து என்னட்டை எடு எண்டன். அவன் சிரிச்சான். "அம்மா, நீங்கள் இதிலை புரொபெசர்" எண்டான். அப்பிடியே தகப்பன்ரை சிரிப்பு.

அதோடை வைச்சிருக்கலாம். நான் திவசத்தைக் கேட்டன். இவற்றை திவசம், ஐப்பசி அபரபக்கத் தசமி. போன வருசம் அது வியாழக்கிழமை வந்தது, சரியாய் அந்த ஆறு நாளுக்குள்ளை. ஐயர் வராட்டில் பரவாயில்லை, இந்த ஊருக்கு எந்த ஐயர் வாறது. மகன் வரவேணும். படத்துக்கு முன்னாலை மகன்தான் கற்பூரம் கொளுத்தவேணும். இவன் வாய்க்குள்ளை நாளை எண்ணினான். பிறகு சொன்னான், ஒராளுக்கு ஒரு மான்தான், தனக்கு முதல் நாளோ ரெண்டாம் நாளோ விழுந்தால் தன்ரை வேலை முடிஞ்சுது, வியாழன் வாறன் எண்டு. விழாட்டில் இடையிலை விட்டிட்டு வாறது றோய்க்கு மரியாதை இல்லையாம்.

ரெலிபோனை வைக்க முந்தி இன்னொண்டும் சொன்னான். முதல் மான் விழுந்தால் றோய் அதின்ரை ரத்தத்தைத் தொட்டு இவன்ரை நெத்தியிலை வைப்பாராம். காட்டுக் கொட்டிலிலை ஒரு பலகை இருக்காம், அதிலை றோயின்ரை பாட்டன், தகப்பன், றோய் எண்டு பேரெல்லாம் பழுக்கக் காச்சின கம்பியாலை சுட்டு எழுதியிருக்காம், அதுக்குக் கீழை இவன்ரை பேரையும் எழுதுவாராம். சந்தோசமாய்ச் சொன்னான். விபூதி பூசுற நெத்தியிலை ரத்தப் பொட்டு. பரமலிங்கம் சாருகன் எண்டு எங்கடை பேர், ஆற்றையோ பாட்டனுக்குக் கீழை. நான் ஓம் ஓம் எண்டன்.

சீசனுக்கு முந்தின சனிக்கிழமை வந்தவன். நண்டுக் கறி காய்ச்சி வைச்சிருந்தன். கார் இஞ்சின் ஓடிக்கொண்டு நிக்குது, ஹெதர் உள்ளுக்கை இருக்கிறா, நேரமில்லை அம்மா எண்டான். லைசென்சைக் காட்டினான். பெத்த பிள்ளையெண்டாலும் லைசென்ஸ் பாக்காமல் குண்டு குடுக்கேலாது, சட்டம். நான் அலுமாரியைத் திறந்தன். புரிக்குண்டு மேல் தட்டிலை, சட்டைக்குண்டு கீழ்த் தட்டிலை. வழமையிலை நான் பெட்டியைத் திறந்து கல்லாவிலை வைச்சு, பார், இதுதான் எண்டு காட்டித்தான் குடுக்கிறது. அண்டைக்குக் காகிதப் பையிலை போட்டு, வாயை மடிச்சு, பின் அடிச்சுக் குடுத்தன்.

கீழ்த் தட்டிலயிருந்து எடுத்தன்.

ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? அது வெடிச்சுக் கையைக் கொண்டுபோற குண்டில்லை. பெத்த தாய் அப்பிடிச் செய்வாளே? மொட்டைக்குழலுக்குச் சட்டைக்குண்டு போட்டால் குண்டு படாது, அவ்வளவுதான். என்ரை பிள்ளையின்ரை கையாலை ஒரு உயிர் போகக்கூடாது எண்டு நினைச்சன். அந்த அலுமாரியிலயிருந்து எத்தினை உயிர் போகுது எண்டு கேப்பியள். அது வேறை. அது வியாபாரம். நான் நினைச்சதிலை என்ன பிழை சொல்லுங்கோ. ரெண்டு நாள், மூண்டு நாள் சுட்டும் படாட்டில் அவனுக்கு வெறுத்துப்போகும். வெறுத்துப்போனால் வீட்டை வருவான். வெறுத்துப்போனவை வேறை எங்கை போறது?

பொறுங்கோ, அது இழுக்கிற வாகனம் இல்லை, பால்காரன். நீங்கள் பதகளிப்படாதேங்கோ. வாகனம் இழுக்கிறவனுக்கு அவசரமில்லை, மற்ற வேலையளை முடிச்சிட்டு ஆறுதலாய் வா எண்டு நான்தான் சொன்னனான். அவனும் மனிசன்தானே. உங்களுக்கு இஞ்சை இருக்கிற லண்டன் ரவுணுக்கு இருட்ட முந்திப் போனால் காணும் எண்டு சொன்னனீங்கள்தானே. காணும்.

வியாழக்கிழமை விடிய எழும்பி ஒன்பது கறி வைச்சன். கடையைப் பூட்டி, மேலை வீட்டிலை இவற்றை படத்துக்கு முன்னாலை இலை போட்டு வைச்சுக்கொண்டு இருந்தன். பன்ரெண்டு மணி. ஒரு மணி. மூண்டு மணிக்கு நானே கற்பூரத்தைக் கொளுத்தினன். பிறகு எல்லாத்தையும் பெட்டியிலை போட்டு வைச்சு ஒரு கிழமை நான்தான் சாப்பிட்டன்.

வெள்ளிக்கிழமை எடுத்தான். அந்தச் செவ்வாயே ஒரு பெட்டை மானைக் கண்டு சுட்டிருக்கிறான். கிட்டத்தான், அம்பது யார். பட்டிருக்குது, தங்கச்சி. படாத குண்டு பட்டிட்டுது. ஆனா படவேண்டிய இடத்திலை படேல்லை, குறுக்காலை போய் வயித்திலையும் பின்னங்காலிலையும் பட்டு, அது ரத்தத்தோடை சேத்துக்காட்டுக்குள்ளை ஓடிப்போச்சு. அவங்களிட்டை ஒரு ஒழுங்கு இருக்காம். காயப்படுத்தினால் அதைத் தேடிக் கண்டுபிடிச்சு முடிக்கவேணும். அது முடியும் மட்டும் வீட்டை போறதில்லை, வேறை மானைப் பாக்கிறதுமில்லை. செவ்வாய் தேடினான், புதன் தேடினான். ரத்தம் சொட்டுச் சொட்டாய், பிறகு அதுவும் இல்லை. வியாழன் மத்தியானம் தண்ணிக்குள்ளை படுத்துக் கிடந்ததைக் கண்டவங்களாம். உயிர் இருந்ததாம். இவன்தான் முடிச்சது, றோயின்ரை குண்டாலை. பொட்டும் இல்லை, பலகையும் இல்லை. அந்த இறைச்சியும் ஒருத்தருக்கும் உதவேல்லை.

ரத்தம் பாத்துப் போகேக்கையே, முதல் நாளே, றோய் நிலத்திலயிருந்து பிளாஸ்ரிக் துண்டு ரெண்டு பொறுக்கினவராம். குண்டின்ரை சட்டை. கையிலை வைச்சுப் பாத்திட்டு, ஒண்டும் சொல்லாமல் பொக்கற்றிலை போட்டவராம். மானை முடிச்ச பிறகுதான் எடுத்துக் காட்டினவராம்.

"அம்மா, தெரிஞ்சோ, தெரியாமலோ?" எண்டு கேட்டான். கத்தேல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பன்.

"தெரியாமல்தான்" எண்டன். "வயசு போகுது, கண் வடிவாய்த் தெரியேல்லை, தட்டு மாறிப் போச்சு."

அவன் சொன்னான், "றோயும் அப்பிடித்தான் சொன்னவர். உன்ரை அம்மா நாள் முழுக்க நூறு பெட்டி குடுக்கிறா, ஒண்டு மாறும்தானே, அவவை ஒண்டும் கேக்காதை எண்டவர். கண்ணைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ அம்மா." அவ்வளவுதான். வைச்சிட்டான்.

அந்த மனிசன் எனக்காகக் கதைச்சதாம். அவர் ஆர் எனக்காகக் கதைக்க?

நான் போட்டிருக்கிற இந்த மூக்குக்கண்ணாடி அதுக்காகத்தான் எடுத்தது. எனக்குக் கண் நல்லாய்த் தெரியும், அந்தா ரோட்டுக்கு அங்காலை நிக்கிற வேலியிலை எத்தினை கம்பி எண்டு சொல்லுவன். கண் டொக்டரும் கண்ணாடி தேவையில்லை எண்டுதான் சொன்னவர். நான்தான் ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு நிண்டு வாங்கினன். சொன்ன சொல்லுக்கு ஒரு மரியாதை வேணும்தானே. இதைப் போட்டால் கொஞ்சம் தலை சுத்தும், வேறை கரைச்சல் இல்லை.

இந்த வருசம் திவசம் பதினொரு நாள் முந்தி வந்திட்டுது. மான் சீசனோடை முட்டேல்லை. ஒரு மறிப்பும் இல்லை. அதுக்கு ஒரு கிழமை முந்தியே அவனுக்கு எடுத்து, ஆள் எடுக்காததாலை மெசினிலை சொல்லி வைச்சன். ஹெதரையும் கூட்டிக்கொண்டு வா எண்டும் சொன்னன். நானாய்ச் சொன்னன். இலை ரெண்டு கூடப் போட்டு வைச்சிருந்தன்.

என்ன கேட்டனீங்கள்? உண்மையைச் சொன்னால் என்னவெண்டோ? என்னத்தைச் சொல்லுறது தங்கச்சி? மாறிப் போச்சு எண்டு சொன்னால் கிழவிக்குக் கண் தெரியாது எண்டு விடுவான். மாறேல்லை எண்டு சொன்னால், பிறகு அவனுக்கு அம்மா எண்டு ஆர் இருக்கிறது?

இண்டைக்குக் காலமை வந்தவன். ஓம், சாருகன்தான். பெரிய கடையிலை குண்டு முடிஞ்சுதாம், அதாலை வந்தவனாம். அதை விடுங்கோ, வந்தவன்தானே. மூண்டு பேருக்குப் பின்னாலை வரிசையிலை நிண்டான். முன்னுக்கு வா எண்டு கூப்பிட்டன், பரவாயில்லை எண்டு கையைக் காட்டினான். கொஞ்சம் மெலிஞ்சிட்டான். தாடி விட்டிருக்கிறான், வடிவாய்த்தான் இருக்கு. முறை வந்த உடனை, நான் கேக்க முந்தியே லைசென்சை எடுத்துக் கல்லாவிலை வைச்சான்.

இன்னும் மொட்டைக்குழல்தானோ எண்டு கேட்டன். ஓம் எண்டான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அலுமாரியைத் திறந்து மேல் தட்டிலயிருந்து பெட்டியை எடுத்து அவனுக்கு முன்னாலை வைச்சன். பையிலை போடேல்லை. சரியான பெட்டி தங்கச்சி, இவராணை. இருந்து சாப்பிட்டிட்டுப் போவன் எண்டு கேக்க வாய் எடுத்தன்.

அவன் பெட்டியைத் திறந்தான். ஒரு பெட்டிக்குள்ளை அஞ்சு. ஒண்டை எடுத்து ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தான். அந்தத் தோட்டாவின்ரை வாய் திறந்துதான் இருக்கும், உள்ளுக்கை குண்டின்ரை மூக்குத் தெரியும், ஈயமோ பிளாஸ்ரிக்கோ எண்டு பாத்த உடனை விளங்கும். பாத்திட்டுக் கல்லாவிலை நிப்பாட்டி வைச்சான். பிறகு ரெண்டாவது. பிறகு மூண்டாவது. பின்னாலை வெயின் நிக்கிறான், இன்னும் நாலைஞ்சு பேர் நிக்கினம், எல்லாம் பகிடி விடுற ஆக்கள். வெயின் தொப்பியைக் கழட்டிக் கையிலை வைச்சுக்கொண்டு நிலத்தைப் பாத்தான். நாலாவது. அஞ்சாவது. எல்லாத்தையும் திருப்பிப் பெட்டிக்குள்ளை அடுக்கி மூடினான். "தாங்ஸ் அம்மா" எண்டான். போட்டான்.

கவனமான பிள்ளை. தகப்பன்ரை குணமில்லை, என்ரை குணம். நானும் பாத்துக்கொண்டுதான் நிண்டன். அஞ்சும் சரியாய்த்தான் இருந்தது.